ஜீவனஹள்ளியில் ஒரு ‘புட் அப்’

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். வேலை குவிந்துவிட்ட நாட்களில் கோப்புகளைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஜீவனஹள்ளி வாடகை வீட்டின் முன்னறையில் பாயை விரித்து, நாடா கட்டிய அட்டைகளைப் பிரிப்பார். ஒரு பக்கம் குறிப்புகள், மறு பக்கம் கடிதங்கள். குறிப்புகளின் ஓரத்தில் அதிகாரியின் பச்சை மையில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: ‘புட் அப்’. அப்போதுதான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். புட் என்றால் வை, அப் என்றால் மேலே. எதை, எதன் மேலே என்றுதான் தெரியவில்லை.

“ஃபைலைத் தேடி எடுத்து, என்ன செய்யலாம்னு குறிப்பு எழுதி, பெரியவர் மேசைக்கு அனுப்புறதும்மா. அவர் மேல இருக்காரு, நாம கீழ இருக்கோம். அதான் அப்” என்றார் அப்பா.

அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அப்பாவைப் பார்க்க வரும் அலுவலக நண்பர்களும் தமிழில் பேசும்போதே “நேத்தே புட் அப் பண்ணிட்டேன், இன்னும் கீழ வரல” என்பார்கள். மாநில அரசில் இருந்த பக்கத்து வீட்டு மாமா இதையே கன்னடத்தில் ‘கடத மண்டிஸி’ என்பார். 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு கர்நாடக அலுவலகங்களில் மெல்ல மெல்ல ஊன்றிய சொற்களில் அதுவும் ஒன்று. கடத என்றால் கோப்பு. மண்டிஸு என்றால் அவை முன் வைப்பது. ஓசூர் தாண்டினால் அதே காகிதம் ‘சமர்ப்பிக்க’ப்படும். ஒரே வேலைதான். ஆங்கிலம் அதை மேலே ஏற்றுகிறது, கன்னடம் சபையில் வைக்கிறது, தமிழ் இரண்டு கையாலும் செலுத்துகிறது. எந்த மொழியும் வெறுமனே ‘கொடு’ என்று சொல்லவில்லை என்பது இப்போது யோசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பச்சை மைக் குறிப்புகளில் சற்று நீளமான ஒன்றும் உண்டு: ‘புட் அப் வித் பிரீவியஸ் பேப்பர்ஸ்’. முந்தைய காகிதங்களையும் சேர்த்து அனுப்பு என்பது பொருள். சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் மிஸ் ஒரு பட்டியலைச் சொல்லச் சொல்ல எழுதினோம். புட் ஆஃப், புட் அவுட், புட் ஆன், புட் டவுன் என்று வரிசையாக வந்து, ‘புட் அப் வித்’ என்பதற்கு நேரே ‘சகித்துக்கொள்’ என்று எழுதச் சொன்னார்கள். மாலையில் அதை அப்பாவிடம் காட்டி, அப்படியானால் உங்கள் அதிகாரி பழைய காகிதங்களைச் சகித்துக்கொள்ளவா சொல்கிறார் என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, “ரெண்டும் சரிதாம்மா. எழுத்து ஒண்ணு, வேலை ரெண்டு” என்றார்.

எழுத்து ஒன்றாக இருக்க, வேலை எப்படி இரண்டானது என்ற கேள்விதான் என்னை ஆங்கில ஆசிரியை ஆக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

பள்ளியில் எங்களுக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். நம் நாட்டில் ஆங்கிலம் படித்தவர்களில் அந்தப் புத்தகத்தைத் தொடாதவர்கள் குறைவு. அதை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘போ ஜெஸ்ட்’ என்ற பட்டாளத்து நாவலும் அவர் எழுதியதுதான். கதை சொல்லத் தெரிந்த அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய இலக்கணம், எங்கள் வகுப்பில் மட்டும் மனப்பாடப் பட்டியலாகவே வந்து சேர்ந்தது. இந்த வினைகளைப் பட்டியலாகப் படிப்பது கொடுமை. ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் முகத்தை மறைக்கும். புட் ஆஃப், புட் அவுட் இரண்டில் எது விளக்கை அணைப்பது, எது தேதியைத் தள்ளிப்போடுவது என்று தேர்வறையில் தடுமாறாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வந்ததில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: சின்ன ஒட்டுச்சொல் சேர்ந்து வினையின் பொருளைத் திருப்பிவிடும் இந்தப் பழக்கம்தான் அயலாருக்கு மிகப் பெரிய சிரமம் என்று. ஏறக்குறைய தனியாளாக ஒரு மொழியின் சொற்களைத் திரட்டியவர் அயலாரின் சிரமத்தை நினைத்துப் பார்த்தார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரே பிற்பாடுதான் வந்தது. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அதைப் பயன்படுத்தி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் என்று குறிப்பிட்டார். பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலேயர்கள் இவற்றைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்த அப்பாவும் இலக்கணப் பெயர் தெரியாமல்தான் அதைக் கையாண்டார்.

பட்டியலில் கிடைக்காத பொருள்கள் எனக்குத் தெருவில் கிடைத்தன.

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கு அப்போது பலகைக் கதவு. கீழேயும் மேலேயும் மரத்தில் காடி வெட்டியிருக்கும். இரவில் கடைக்காரத் தாத்தா ஒவ்வொரு பலகையாகத் தூக்கி மேல் காடியில் செருகி, கீழ்க் காடியில் இறக்கி நகர்த்துவார். வரிசை மாறினால் கடைசிப் பலகை பொருந்தாது என்பதற்காகப் பலகைகளில் எண் எழுதியிருக்கும். கடைசியாகக் குறுக்கே இரும்புப் பட்டை, பூட்டு. ஆங்கிலக் கதை ஒன்றில் கடைக்காரர் ‘ஷட்டர்களைப் புட் அப் செய்தார்’ என்று படித்தபோது உடன் படித்தவர்கள் குழம்பினார்கள். அவர்களுக்கு ஷட்டர் என்றால் கடகடவென்று கீழே இழுக்கும் இரும்புச் சுருள். இறக்க வேண்டியதை ஏன் ஏற்றுகிறார்கள்? எனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. அந்தக் காலத்து லண்டன் கடைகளிலும் பலகைதான், தூக்கித்தான் செருக வேண்டும். சுருள் கதவு வந்த பிறகும் பழைய சொல் அங்கே தங்கிவிட்டது. அங்கே அதற்கு இன்னொரு பொருளும் ஏறியது: கடையை ஒரேயடியாக மூடுவது. நம் ‘கடையைக் கட்டு’ இருக்கிறதே, அதற்கு நேர் உறவு. தாத்தாவின் பிள்ளைகள் இரும்பு ஷட்டர் போட்டபோது பலகைகளை அடுப்புக்கு உடைத்தார்கள். எனக்கு மனது கேட்கவில்லை.

காக்ஸ் டவுன் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்டி வீடு இருந்தது. கண்டோன்மென்ட்டின் கடைசிக் கலெக்டர் காக்ஸ் பெயரில் அமைந்த அந்தப் பகுதியும் எங்கள் ஹள்ளியும் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டின் மொழியும் வேறு. ஆன்டி வீட்டுச் சுவருக்கு வெளியே கொய்யாக்கிளை தொங்கும். ஒரு நாள் என் தம்பியைக் கையும் கொய்யாவுமாகப் பிடித்து நிறுத்திய ஆன்டி, சுவருக்கு இந்தப் பக்கம் பதுங்கிய பெரிய பையன்களைப் பார்த்தபடியே அவனிடம் கேட்டார்: “ஹூ புட் யூ அப் டு திஸ்?” தம்பிக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “எவன்டா உன்னை ஏத்திவிட்டான்?”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆன்டிக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் ஒரு பையனைத் தூண்டி அனுப்புவதை இரண்டு பேரும் மேலே ஏற்றுவதாகவே பார்த்தார்கள். புட் என்ற இடத்தில் நாம் ‘விடு’ வைத்திருக்கிறோம், அப் என்ற இடத்தில் ‘ஏற்று’. வரிசை மட்டும் தலைகீழ். மிஸ் எழுதச் சொன்ன பட்டியலில் இந்தப் பொருள் இருந்ததா என்பது நினைவில் இல்லை. அம்மாவின் குரலில் அது பதிந்த பிறகு எனக்குப் பட்டியல் தேவைப்படவும் இல்லை.

ஆகஸ்ட் 29 வந்தால் சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேற்றம். ஆடியில் அம்மனுக்குப் பந்தல். தேர்தல் வந்தால் சுவரெல்லாம் சுவரொட்டி, கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர்கள். கொடி, பந்தல், சுவரொட்டி, வேட்பாளர் நான்குக்கும் ஆங்கிலத்துக்குப் ‘புட் அப்’ ஒன்றே போதும். தமிழில் ஏற்று, போடு, ஒட்டு, நிறுத்து என்று நான்கு வேண்டும். விலையை ஏற்றுவது, வீட்டை விற்பனைக்கு விடுவது, ஜாமீனுக்குப் பணம் கட்டுவது, எதிர்த்துப் போராடுவது இவற்றுக்கும் அதே இரண்டு சொற்கள்தான். இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்துக்கு வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி கடந்த மாதிரி.

மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் சித்தப்பா.

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கால்வைத்த அந்த வயல்களில் வட ஆற்காட்டிலிருந்து போன எங்கள் உறவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. பாறை வெடித்துச் சரியும் அபாயம் எப்போதும் இருக்கும். தோண்டிய வெற்றிடத்தில் மரமும் கருங்கல்லும் வைத்து முட்டுக்கொடுப்பது சித்தப்பாவின் வேலை. மேற்பார்வையாளர்களின் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால் தங்கவயல்காரர்களின் வாயில் ஆங்கிலம் இயல்பாக வரும். ‘புட் அப் தி டிம்பர்’ என்ற கட்டளையை இளம் வயதிலேயே கேட்டவர் அவர்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சில வாரங்கள் கழித்து மாரிக்குப்பம் வண்டியில் வந்து கண்டோன்மென்ட்டில் இறங்கி, ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றுவிடக் கூடாது. பெங்களூரில் வேலை கிடைக்கும்வரை சித்தப்பா எங்களோடு தங்குவது என்று ஏற்பாடு. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “இது உங்க வீடு, வந்து இருங்க.”

அவர் இருந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுத்தான் வேலை தேடிப் போவார். பிடித்து, வைத்து, விட்டு, போவார்: நான்கு வினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ‘தண்ணீர் பிடிப்பார்’ என்று மட்டும் எழுதினால் சித்தப்பா அதில் இல்லை. ‘வைத்து’ என்பதில்தான் எங்களுக்காக என்பது இருக்கிறது. ‘விட்டு’ என்பதில்தான் ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடாத அவர் குணம் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அலுவலகத்தில் பாதுகாவலர் வேலைக்கு நேர்காணல். “வேர் ஆர் யூ புட் அப்?” என்று கேட்டார்களாம். “ஜீவனஹள்ளி சார், வித் மை பிரதர்” என்று சொன்னாராம். இரவு சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நீ இங்கிலீஷ் டீச்சர். நான் முப்பது வருஷமா மரத்தைத்தான் புட் அப் பண்ணேன். இப்ப என்னையே புட் அப் பண்ணியிருக்காங்க. ரெண்டும் ஒரே வார்த்தைதானா?”

ஒரே வார்த்தைதான் என்றேன். சரிந்துவிடாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துவதும், ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பதும் ஆங்கிலத்தில் ஒன்றே. பழைய ஆங்கில நாவல்களில் பயணிகள் சத்திரங்களில் ‘புட் அப்’ ஆவார்கள். இங்கிலாந்தில் அந்த வழக்கு அருகிப்போன பின்னும் நம் ஊர்களில் அது செழித்தது. இன்று பெங்களூருக்கு வேலைக்கு வரும் எந்தப் பிள்ளையிடமும் முதல் நாளே கேட்கப்படும் கேள்வி அதுதான். விடை பெரும்பாலும் ஏதோ ஒரு பிஜி விடுதியாக இருக்கும்.

அதற்கு அடுத்தபடி ‘புட் அப் வித்’. இரண்டு அறை வீட்டில் ஓர் ஆள் கூடுவது எளிதில்லை. சித்தப்பாவின் இருமல், எங்கள் தேர்வுத்தாள் அடுக்குகள், ஓய்வு பெற்றிருந்த அப்பாவின் வானொலி என்று எல்லோரையும் எல்லோரும் பொறுக்க வேண்டியிருந்தது. ‘புட் அப் வித்’ இதற்கு ஒரே வடிவத்தோடு நின்றுவிடுகிறது. அம்மாவிடம் பல இருந்தன. தம்பியிடம் “பொறுத்துக்கோடா” என்பார். அது அந்தச் சிரமத்தை உனக்குள் வாங்கிக்கொள் என்பது. என்னிடம் “பொறுத்துப் போம்மா” என்பார். அது எதிராளியோடு சேர்ந்து நட என்பது. சித்தப்பாவிடம் “பொறுத்திருங்க” என்பார். நல்ல காலம் வரும், அதுவரை என்பது. ஆளுக்கு ஏற்ப இரண்டாவது வினையை மாற்றினார் அம்மா. இலக்கணம் படிக்காத ஒரு பெண்ணிடம் இவ்வளவு துல்லியம் இருந்ததை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. வேலை கிடைத்து, சித்தப்பா குடும்பத்தை அழைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்தில் வீடு எடுத்தார்.

இப்போது சனி ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியல் கொடுப்பதில்லை. முதல் வகுப்பில் ‘வா’ என்ற ஒரே வினையைக் கரும்பலகையில் எழுதி அதோடு ஒட்டக்கூடியதைச் சொல்லச் சொல்வேன். வந்துவிடு, வந்துபோ, வந்துசேர், வந்துபார் என்று தொடங்கி, யாராவது ஒரு பிள்ளை ‘வந்துதொலை’ என்று கத்தும்வரை போகும். ‘தொலை’ என்றால் காணாமல் போ என்பதுதான் அகராதிப் பொருள், ஆனால் அங்கே எரிச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படித்தான் ஆங்கிலத்தின் அப்பும் அவுட்டும் என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் திசை காட்டும் சொல்லை ஒட்டுகிறது, நாம் வினையை ஒட்டுகிறோம் என்ற வேறுபாட்டையும் சொல்லிவிடுவேன். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்தத் துணைவினைகளைத் தனியாகக் குறித்து விளக்கியிருக்கிறது. ஆங்கில ஆசிரியர்கள் ஒவ்வொருவர் மேசையிலும் அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தின் இந்தப் பகுதிக்கு வெறுங்கையோடு வரவில்லை. அவர்கள் கையில் இருப்பதைப் பாராமல் பட்டியலைத் திணிப்பதுதான் நூறு ஆண்டுகளாக நடக்கிறது.

சொற்களையே குறைத்துப் பார்த்தவரும் உண்டு. சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொற்களில் ‘பேசிக் இங்கிலீஷ்’ வகுத்தபோது வினைகளைப் பதினெட்டாகக் குறைத்தார். மற்ற வினைகளின் வேலையைப் புட், கெட், கிவ் போன்றவற்றோடு திசை காட்டும் சொற்களைச் சேர்த்து நடத்திக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சொல்லின் எண்ணிக்கை குறைந்தது. பொருளின் சுமை முழுவதும் அந்தச் சேர்க்கைகளின் மேல் விழுந்தது. எளிமை எண்ணிக்கையில் இருப்பதாக நினைத்தது அவர் தவறு என்று நான் நினைக்கிறேன்.

வினையோடு வினையை ஒட்டும் நம் வினைச்சேர்க்கை தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. இந்திய மொழிகள் குடும்பம் வேறானாலும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து பழக்கங்களைப் பகிர்ந்துகொண்டன என்று மொழியியலாளர் எமனோ 1956இல் எழுதினார். கோலின் மசீகா 1976இல் அந்தப் பகிர்வுகளை விரிவாக ஆராய்ந்தபோது இந்த வினைச்சேர்க்கையும் அவற்றில் ஒன்றாக இருந்தது. அந்த நூல்களைப் படித்திருந்தும், அது என் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருப்பதை ஒரு கொசுதான் எனக்குக் காட்டியது. பாடத்தின் நடுவில் ஒரு பையன் கொசுவை அடித்து “கொன்னு போட்டேன் மிஸ்” என்றான். சரி, அந்தப் ‘போடு’ அங்கே என்ன செய்கிறது, ‘கொன்றேன்’ என்றால் போதாதா என்று கேட்டேன். கன்னடப் பெண் ஒருத்தி, “எங்க பாஷைலயும் ‘கொந்து ஹாகிதெ’ன்னுதான் மிஸ் சொல்வோம்” என்றாள். ஹாகு என்றால் போடு. தெலுங்குப் பையன் ‘சம்பேசானு’ என்றான். பிரித்துப் பார்த்தோம்: சம்பி, வேசானு. வேயு என்றாலும் போடுதான். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் கடைசி வரிசையில் எழுந்து நின்று ‘மார் டாலா’ என்றான். டால்னா என்றாலும் அதுவேதான்.

நான்கையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ‘புட்’ என்று எழுதினேன். இங்கிலீஷ்லயும் கொசுவைப் போடலாமா என்று அந்த பீகார்ப் பையன் அரைக் கன்னடத்தில் கேட்டான். இல்லை, ஆங்கிலத்தில் கொசுக்களை ‘கில் ஆஃப்’ பண்ணலாம், நாயை மட்டும் ‘புட் டவுன்’ பண்ணுவார்கள் என்றேன். நாயை ஏன் கொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க, மீதி வகுப்பு முழுக்க அதைப் பற்றியே போனது.